கார்டு நகர்ந்தால் வேலை நகர்ந்துவிடுமா?

"நல்ல ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரா ஒண்ணு வாங்கிட்டா வெப்சைட் சொன்ன தேதிக்கு வந்துடும்ல சார்?"

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் தொழில் நடத்துகிறவர்கள். நல்ல தராசு வாங்கி வைத்தால் கடைக்குச் சரக்கு தானாக வந்து இறங்கும் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். வெப்சைட் என்றதும் அந்தப் புத்தி எங்கேதான் போகிறதோ!

வராது. அந்த சாஃப்ட்வேருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: யார், எதை, எந்தத் தேதிக்கு என்று நீங்கள் எழுதி வைத்ததைத் திருப்பிச் சொல்லும். எழுதாததை அது அறியாது. பொய்யாக எழுதினால் பொய்யையே அழகாகப் பச்சை நிறத்தில் காட்டும்.

கோடிங்கால் தாமதமான வெப்சைட்டுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு நாலு பத்தி வராது. பொருட்களின் படம் வராது. பேமென்ட் கேட்வேக்குக் கொடுக்க வேண்டிய கேஒய்சி ஆவணம் ஆடிட்டரிடம் கிடக்கும். டொமைன் எப்போதோ வேலையை விட்டுப் போன பையனின் பெயரில் இருக்கும்; ஓடிபி அவன் போனுக்குப் போகும்; அவன் எடுக்க மாட்டான். இதில் எதை சாஃப்ட்வேர் தீர்க்கும்?

ஒரு ஜவுளிக்கடை வேலையில், சாஃப்ட்வேரின் போர்டில் 'கன்டென்ட் – கிளையன்ட்' என்று ஒரு கார்டு, அதாவது ஒரு வேலைக் குறிப்பு, போட்டோம். கடைக்குப் பங்காளிகள் மூன்று பேர். திங்கட்கிழமை தவறாமல் மூவருக்கும் நினைவூட்டல் போனது. மற்ற இருவரில் ஒருவர் தருவார் என்று மூவருமே இருந்தார்கள். ஏழு வாரம் கார்டு அசையவில்லை. பிறகு 'கிளையன்ட்' என்பதை அழித்துவிட்டு, கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மூத்தவரின் மருமகள் பெயரைப் போட்டோம். நான்கே நாளில் எல்லாம் வந்தது. சாஃப்ட்வேர் மாறவில்லை, கார்டில் இருந்த பெயர்தான் மாறியது.

என் தொழிலில் எல்லோரும் படித்திருக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்காகக் கட்டிய ஹெல்த்கேர் டாட் கவ், 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. முதல் நாளில் முழுதாகப் பதிவு செய்ய முடிந்தவர்கள் ஆறு பேர். பணத்துக்குக் குறைவில்லை, ஒப்பந்த நிறுவனங்களுக்கும் குறைவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு நேரமே இல்லை என்று அந்த ஆண்டு வசந்த காலத்திலேயே மெக்கின்சி ஆலோசகர்கள் எச்சரித்திருந்தார்கள். அந்தச் சோதனை நடந்ததோ கடைசி இரண்டு வாரங்களில். ஆபத்து காகிதத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டு "நிறுத்து" என்று சொல்ல ஒரு தலைமை இல்லை. பிறகு தளத்தை மீட்டவர்கள் என்ன செய்தார்கள்? ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஒரே நிறுவனத்திடம் கொடுத்தார்கள். காலையிலும் மாலையிலும் கூடி, எது உடைந்திருக்கிறது, யார் சரிசெய்வார் என்று பேசினார்கள். தளம் எப்படி ஓடுகிறது என்று ஒரே இடத்தில் காட்டும் அளவுமானியை வைத்தார்கள். அது அளந்தது தளத்தை. டாஸ்க் பட்டியலை அல்ல.

சாஃப்ட்வேர் வாங்கினால் போதும் என்ற நம்பிக்கைக்கு ஒரு தம்பி உண்டு: "போர்டுல தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிருச்சு." நாற்பது பக்கத் தளத்தில் ஒவ்வொரு பக்கமும் 90 சதவீதம் முடிந்திருக்கிறது என்றால், வெளியிடத் தயாரான பக்கங்கள் பூஜ்யம். சதவீதத்தைத் தூக்கி எறியுங்கள். உரிமையாளர் பார்த்து 'சரி' சொன்ன பக்கம் எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள்.

மற்ற நம்பிக்கைகளை வேகமாகவே முடித்துவிடலாம்.

விலை கூடின சாஃப்ட்வேர்தான் நல்லது என்பது ஒன்று. விலையைவிடத் தேவையைப் பாருங்கள். பேஸ்கேம்ப், 37சிக்னல்ஸ் என்ற வெப் டிசைன் நிறுவனம் தன் வாடிக்கையாளர் வேலைகளுக்காகச் செய்துகொண்டு 2004இல் வெளியிட்டது. ஜிரா 2002இல் பிழைகளைக் குறித்துவைக்கும் கருவியாகத் தொடங்கியது. நம் சென்னையின் ஜோஹோவிலும் ப்ராஜெக்ட்ஸ் இருக்கிறது, ரெட்மைன் இலவசம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவை. பத்துப் பக்கத் தளத்துக்கு மூன்று பத்தி போட்ட ட்ரெல்லோ போர்டோ கூகுள் ஷீட்டோ போதும்.

வாட்ஸ்அப் குரூப் போதும் என்பது இன்னொன்று. போதாது. லோகோ நிறம் எது என்று முடிவான செய்தி, மறுநாள் பதினேழு 'காலை வணக்கம்' படங்களுக்கு அடியில் புதைந்திருக்கும்.

ஆள் கூட்டினால் சீக்கிரம் முடியுமா? தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பட்ட அனுபவத்திலிருந்து ஃபிரெட் ப்ரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். புதிதாக வந்தவருக்கு விளக்குவதிலேயே பழையவரின் நாள் போய்விடும்.

கிளையன்டை போர்டுக்குள் விடக்கூடாது என்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள். விடுங்கள். அவர் பெயரில் இருக்கும் கார்டுகளை மட்டும் காட்டுங்கள். நெஞ்சு கொஞ்சம் குறுகுறுக்கட்டும்.

தமிழ் வெப்சைட் கட்டுகிறவர்களிடம் எனக்குத் தனிக் கோபம் ஒன்று இருக்கிறது. கன்டென்ட் 'வந்துவிட்டது' என்பார்கள். திறந்தால் வானவில், பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த கோப்பு. அச்சகத்துக்கு அது தமிழ். வெப்சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. கூகுளில் ஒரு சொல்கூட அகப்படாது. மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர்கள் உண்டுதான். ஆனால் நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்துக் குதறிவிடும். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். இன்னுமா?

என் போர்டுகளில் முதல் கார்டு எப்போதும் 'உரை யூனிகோடில் வந்ததா?' என்பதுதான். அதற்கு முன் டிசைனைத் தொட மாட்டேன். போன வாரம் ஒரு பள்ளிக்கான வேலையில் அந்தக் கார்டு 'முடிந்தது' பத்தியில் இருந்தது. கோப்பைத் திறந்தேன். பாமினி. கார்டைப் பிடித்து இழுத்து முதல் பத்தியிலேயே திரும்பப் போட்டேன்.