யூஜெனியின் பொற்காசுகள்

தலைவன் பொருள் தேடப் பிரிதலை நம் அகப்பொருள் நூலார் பாலைக்குரியதாக வகுத்தனர். அப்பிரிவு இல்லறம் சிறத்தற்பொருட்டே நிகழ்வதாதலின், அவன் மீள்வான் என்று தலைவி ஆற்றியிருப்பாள். தேடச் சென்ற பொருளே அவன் நெஞ்சைத் திரித்துவிடின் யாதாகும்? பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் 1833-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘யூஜெனி கிராந்தே’ என்னும் நாவலில் இதற்கு விடை காண்கிறோம்.

கதை 1819-இல் சோமூர் நகரில் தொடங்குகிறது. யூஜெனி பெருஞ்செல்வனும் கருமியுமான கிராந்தேயின் ஒரே மகள். அவள் சிற்றப்பன் மகன் சார்லஸ் பாரிஸிலிருந்து வருகிறான். இம்முறையில் மணப்பது அந்நாட்டு வழக்கிற்கு மாறன்று. தன் தந்தை கடனால் நொடித்து உயிர்மாய்த்துக்கொண்ட செய்தியை அவன் அங்கே அறிகிறான். கடல்கடந்து பொருளீட்டப் புறப்படும் அவனுக்கு, ஏறத்தாழ 6,000 பிராங்கு மதிப்புள்ள தன் பொற்காசுகள் அனைத்தையும் யூஜெனி ஈந்தாள். இருவரும் காதலுறுதி செய்துகொண்டனர். காசுகள் இல்லாமையை அறிந்த தந்தை, அவளை அறையிலடைத்து அப்பமும் நீருமே அளித்தான். அத்துயரால் தாய் நோயுற்று மாண்டாள்.

சார்லஸோ மனிதரையும் விற்றுப் பொருள் குவித்தான். ஏழாண்டுகள் ஒரு மடலேனும் வரைந்திலன். இறுதியில் வந்த மடலில், தான் காதலியாத உயர்குடிப் பெண்ணொருத்தியை, அவளால் வரும் பட்டத்தையும் பதவியையும் கருதி மணக்கப்போவதாக எழுதினான். பழைய பணத்திற்கு முதலும் வட்டியுமாக 8,000 பிராங்குக்கு உண்டியலும் இணைத்தான். அவன் வேறொருத்தியை நாடியது மட்டுமன்று, காதலி ஈந்த கொடையைக் கடனாக்கிக் கணக்குத் தீர்த்ததே பெருங்கொடுமை என்போம்.

யூஜெனி பழி தூற்றவில்லை. தந்தையின் கடன் அவன் திருமணத்திற்குத் தடையாயிற்று என்றறிந்து, அதனைத் தானே முழுதும் தீர்த்தாள். அவளுக்கு இன்னும் ஒரு கோடியே எழுபது இலட்சம் பிராங்கு உண்டென்று சார்லஸ் அப்போதுதான் அறிந்து திகைத்தான். எளிய வீட்டையும் உடையையும் கண்டு அவளை வறியவளென எண்ணியிருந்தான் அவன்! செல்வத்திற்காகக் காதலைக் கைவிட்டவன், அச்செல்வத்தையும் உடன் இழந்தான்.

எனினும் யூஜெனியின் வாழ்வும் தளிர்க்கவில்லை. அன்பில்லா மணம் ஒன்றுக்கு இசைந்து, விரைவில் கைம்மை எய்தி, அறச்செயல்களில் நாள் கழித்தாள். துரோகம் செய்தவன் தண்டனை பெறினும், துரோகத்திற்கு ஆளானவர் இழந்தது மீள்வதில்லை என்று ஆசிரியர் உணர்த்துகின்றார்.

பண ஆசையைக் குறித்துப் பவுலடிகள் தீமோத்தேயுவுக்கு விடுத்த எச்சரிக்கை இங்கே நம் நினைவுக்கு வருகிறது. பொருள் வேண்டும், பாலைத் தலைவனும் அதனைத் தேடியே சென்றான். ஆயின், எவர்பொருட்டுத் தேடுகிறோமோ அவரை மறவாதிருத்தலே அத்தேட்டத்திற்கு அறமாம்.