பொலிகாளையும் சங்கப் பதிவேடும்

பசு சினைப்படாவிடில் குற்றத்தைப் பசுவின்மீதே சாற்றுவது வழக்கம். இரண்டு மூன்று முறை காளைக்கு விட்டும் பருவம் திரும்பி வருமாயின், அதை மலடென்று முடிவுகட்டிக் கிடைத்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுகின்றனர். சங்கக் கடனில் வாங்கிய பசுவாயின், பசு போய்க் கடன் மட்டும் மிஞ்சுகிறது. குறை காளையினிடத்தில் இருந்திருக்குமாயின் இது முழுதும் வீண் நஷ்டமே.

காளையின் குறை இருவகைப்படும். ஒன்று தற்காலிகமானது. உடலின் உஷ்ணத்தைவிட விரைகளின் உஷ்ணம் சில டிகிரி குறைந்திருந்தால்தான் விந்தணுக்கள் செவ்வனே உண்டாகும். சிவகாசி, சாத்தூர்க் கரிசல் பூமியின் கோடை வெயிலில் நிழலின்றிக் கட்டப்பட்ட காளைக்கும், காய்ச்சல் கண்ட காளைக்கும் விந்து கெடுவதுண்டு. விந்தணு உருவாகி முதிர்வதற்கு இரண்டு மாதத்திற்கு மேல் செல்லுமாதலால், நிழலும் நீரும் தீனியும் அளித்து மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தல் வேண்டும்.

மற்றொன்று பிறவியிலேயே அமைந்தது, பொறுத்திருந்தாலும் தீராது. மாட்டின் உடலணு ஒவ்வொன்றிலும் குரோமோசோம் எனப்படும் நுண்ணிய இழைகள் 60 உள்ளன. தாய் தந்தையரின் குணங்களைச் சந்ததிக்குக் கொண்டுசெல்லும் மரபணுக்கள் இவற்றில் அடங்கியுள்ளன. ஸ்வீடன் தேசத்து மாடுகள் சிலவற்றில் 1ஆம், 29ஆம் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணிக்கை 59 ஆகியிருப்பதை 1964ஆம் வருஷம் குஸ்தாவ்ஸன் என்னும் அறிஞர் வெளியிட்டார். இத்தகைய காளை பார்வைக்குக் குறையற்றது. ஆயினும் அதன் கருக்களில் சில ஆரம்பத்திலேயே அழிகின்றன.

இதனினும் வியப்பானது ஜெர்மனியில் ‘பிளெக்வீ’ இனத்தில் கண்ட குறை. 2014இல் வெளியான ஆராய்ச்சியின்படி, டி.எம்.இ.எம். 95 என்னும் மரபணு பழுதான காளைகளின் விந்து பூதக்கண்ணாடியில் நன்றாகவே தோன்றிற்று. அணுக்கள் துடிப்புடன் நீந்தின. எனினும் 100 முறை கருவூட்டினால் இரண்டு முறைகூடச் சினை நிற்கவில்லை.

ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரட்டையாய் வருவது. அவற்றில் ஒன்று மட்டும் பழுதாயின் இக்குறை வெளிப்படாது. அவ்வாறு பழுதைச் சுமக்கும் காளையும் பசுவும் கூடினால், சராசரியாக நான்கு கன்றுகளில் ஒன்று இரட்டைப் பழுதையும் பெறும். அது கிடாரியாயின் தடையின்றிச் சினைப்படும். காளையாயின் மட்டுமே பயனற்றதாகும். ஒரே காளையைப் பல வருஷம் வைத்து, அதன் மகள்களுக்கே அதை விடும் ஊர்களில் மறைந்துள்ள இத்தகைய பழுதுகள் ஒன்றுசேர இடமுண்டு.

பூதக்கண்ணாடிக்கும் புலப்படாததைச் சங்கப் பதிவேடு காட்டிவிடும். ஒரு காளைக்கு விட்ட பத்துப் பசுக்களில் ஒன்பது தவறி, அதே ஊரில் வேறு காளைக்கு விட்ட பத்தில் ஆறு சினைப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். தீனியும் நீரும் பருவமும் ஒன்றேயாதலால் முதலில் சோதிக்கத்தக்கது காளையே. தொற்றுநோயாலும் இவ்வாறு நேரக்கூடுமாதலால், கால்நடை மருத்துவரே காரணத்தை நிச்சயிக்க வேண்டும்.

ஆகவே அங்கத்தினர்கள் அனுசரிக்க வேண்டியவை:

1. பசுவின் அடையாளம், காளையின் பெயர் அல்லது விந்துக்குழலில் அச்சிட்ட காளை எண், தேதி ஆகியவற்றை அன்றன்றே பதிதல்.

2. ஏறக்குறைய 21ஆம் நாளில் பருவம் திரும்பியதா என்பதையும், மூன்றாம் மாதச் சினைப் பரிசோதனையின் முடிவையும் எதிரே குறித்தல்.

3. மகள்கள் பருவமடையுமுன் ஊர்க்காளையை மாற்றுதல். உறைவிந்தாயின் அரசாங்க விதிப்படி குரோமோசோம் பரிசோதனை நடந்த காளையினுடையதையே கேட்டு வாங்குதல்.

4. மருத்துவர் பாராமல் எப்பசுவையும் மலடென்று விற்காதிருத்தல்.

நாலணாக் கடனுக்கும் கணக்கு வைத்துப் பழகியவை நம் சங்கங்கள். அக்கணக்கு காளைக்கும் இருக்குமாயின், குற்றமற்ற பசு கொட்டிலைவிட்டுப் போகாது.