பழைய டீசல் டிராக்டர் நின்றுவிட்டால்: காரணம் காணும் முறை

விடியற்காலையில் வெட்டிய மரங்களின் பால், வெயில் ஏறுவதற்குள் கொட்டகையில் நிறுக்கப்பட்டுத் தொழிற்சாலையைச் சேர வேண்டும். தாமதித்தால் பால் உறையத் தொடங்கும். அமோனியா கலந்தால் சற்று நேரம் தாங்கும். ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. உறைந்த பால் கட்டிப்பாலாகக் குறைந்த விலைக்கே போகும். எனவே, பால் டாங்கியை இழுத்துச் செல்லும் டிராக்டர் நடுவழியில் நின்றுவிட்டால், பல குடும்பங்களின் ஒரு நாள் உழைப்பு அதனோடு நின்றுவிடுகிறது.

அத்தகைய நேரத்தில் பதற்றத்தால் கைக்குக் கிடைத்த திருகையெல்லாம் கழற்றுவோர் உளர். ஒரு கோளாறுடன் நின்ற வண்டி, மூன்று கோளாறுகளுடன் பட்டறைக்குச் செல்வது இதனாலேயே. காரணத்தை வரிசையாகத் தேடினால், பெரும்பாலான கோளாறுகளை ஓட்டுநரே அறிந்துகொள்ளலாம். அந்த வரிசையை இக்கட்டுரையில் காண்போம்.

மாசி பெர்குசன் 135 என்னும் டிராக்டரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1964-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அறிமுகமான இவ்வண்டியின் டீசல் வகையில், மூன்று சிலிண்டர்களும் 2.5 லிட்டர் கொள்ளளவும் கொண்ட பெர்கின்ஸ் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. மற்றப் பழைய டீசல் டிராக்டர்களுக்கும் இங்குக் கூறும் முறை பெரிதும் பொருந்தும்.

எஞ்சினுக்கு வேண்டிய மூன்று

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைத் தீப்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் நுழையும் காற்றைப் பிஸ்டன் மிகச் சிறிய இடத்தில் அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியஸுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அச்சூட்டில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோல் தெளிக்க, அது தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே டீசல் எஞ்சினுக்கு மூன்று தேவை: போதிய வேகத்தில் சுழன்று காற்றை அழுத்துதல், தூய காற்று, காற்றுக் குமிழியும் தண்ணீரும் கலவாத டீசல். வண்டி நின்றவுடன் நாம் கேட்க வேண்டிய கேள்வி, இம்மூன்றில் எது குறைந்தது என்பதே.

தேடத் தொடங்குமுன் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தல் வேண்டும்.

எஞ்சின் சுழலவில்லை என்றால்

முன்விளக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்கு மங்கினால் பேட்டரியில் மின்சாரம் குறைவு. விளக்கு நன்றாக எரிந்தும் 'டக்' என்னும் ஓசை மட்டும் கேட்டால், பேட்டரி முனைகளையும், பேட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் கம்பியையும் முதலில் ஆராய வேண்டும். முனைகளில் வெண்பொடி பூத்திருந்தால் வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கிப் பூட்டுங்கள். விளக்கு எரிந்தும் ஓசையே எழாவிடில், கியர் நடுநிலையில் இருக்கிறதா என மீண்டும் பாருங்கள். பல டிராக்டர்களில் கியர் நடுநிலையில் இல்லாவிடில் ஸ்டார்ட்டர் இயங்காது.

இங்கு ஓர் எச்சரிக்கை. தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளைத் திருப்புளியால் இணைத்து எஞ்சினை இயக்கும் வழக்கம் உயிருக்கு ஆபத்தானது. கியர் விழுந்திருந்தால், எஞ்சின் பற்றிய கணமே பின்சக்கரம் அருகில் நிற்பவர்மீது ஏறிவிடும். இவ்வாறு உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு.

சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால்

இப்போது புகைக்குழாயைப் பாருங்கள். எஞ்சின் சுழலும்போது வெண்புகை வந்தால், டீசல் உள்ளே செல்கிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். மெதுவாகச் சுழலுதல், டீசலில் தண்ணீர், தேய்ந்த பிஸ்டன் வளையங்களால் அழுத்தம் குறைதல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

புகையே இல்லையெனில் டீசல் சிலிண்டரைச் சேரவில்லை. நிறுத்தும் குமிழ் முழுவதும் உள்ளே தள்ளப்பட்டுள்ளதா? டாங்கில் டீசல் உள்ளதா? டாங்கின் அடியிலுள்ள குழாய் திறந்திருக்கிறதா? மிக எளிய இம்மூன்றையும் மறந்து, பம்பைக் கழற்றியவர் பலர்.

டாங்கு முற்றும் வற்றினாலும், வடிகட்டியை மாற்றினாலும், குழாயில் காற்றுப் புகுந்துவிடும். காற்று சுருங்கும் தன்மையுடையது. ஆதலால் பம்பு எவ்வளவு அழுத்தினாலும் இன்ஜெக்டர் திறவாது. அக்காற்றைப் பின்வருமாறு நீக்கலாம்.

1. டாங்கில் டீசல் நிரப்பி, திருகுகளைச் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள்.

2. வடிகட்டியின் மேலுள்ள காற்று நீக்கும் திருகைச் சிறிது தளர்த்தி, எஞ்சினின் பக்கவாட்டிலுள்ள கைப்பம்பின் நெம்பை அசையுங்கள். நெம்பு இறுக்கமின்றி ஆடினால் எஞ்சினைச் சிறிது சுழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். குமிழிகள் நின்று டீசல் மட்டும் வழியும்போது திருகை இறுக்குங்கள்.

3. இன்ஜெக்ஷன் பம்பிலுள்ள காற்று நீக்கும் திருகுகளிலும் இவ்வாறே செய்யுங்கள்.

4. இன்ஜெக்டர்களுக்குச் செல்லும் குழாய்களின் மேல்முனையைச் சிறிது தளர்த்தி, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்ற, டீசல் கசிந்தவுடன் நிறுத்தி இறுக்குங்கள்.

வேலை செய்யும் இன்ஜெக்டரின் முன்னே ஒருபோதும் கையை நீட்டாதீர்கள். அதன் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும் வேகமுடையது. காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலந்தாழ்த்தினால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

சிறிது தூரம் ஓடி நின்றால்

நன்றாக ஓடிய வண்டி மேட்டில் திணறி நின்று, சற்று நேரம் கழித்து மீண்டும் ஓடினால், டீசல் வரும் வழியில் தடை இருக்கலாம். டாங்கு மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால், மூடியிலுள்ள சிறு துளை மண்ணால் அடைபட்டுள்ளது. துளையைக் குத்திச் சுத்தம் செய்தால் போதும். அது சரியாக இருப்பின், வடிகட்டியை மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம்.

ஓடும்போது புகையின் நிறம்

கரும்புகை: டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது சுமை மிகுதி. செம்மண் சாலைகளில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டி விரைவில் தூசியால் நிறையும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வடிகட்டியாயின், கிண்ணத்தைக் கழுவி, குறியிட்ட மட்டம்வரை புதிய எண்ணெய் ஊற்றுங்கள்.

நீலப்புகை: எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வளையங்களோ வால்வு வழிகளோ தேய்ந்திருக்கலாம். இது பட்டறைக்குரிய வேலை.

வெண்புகை: எஞ்சின் சூடேறிய பின்னும் தொடர்ந்தால், இன்ஜெக்டரின் பழுதாகவோ, நீர் சிலிண்டருக்குள் கசிவதாகவோ இருக்கலாம். அளவுகோலை இழுத்துப் பார்த்து, எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் எஞ்சினை இயக்காதீர்கள்.

எண்ணெய் அழுத்த விளக்கு ஓடும்போது எரிந்தாலும் அக்கணமே நிறுத்த வேண்டும். எஞ்சின் கொதித்தால், ரேடியேட்டர் கண்களில் சருகு அடைத்துள்ளதா, விசிறி பெல்ட் தளர்ந்துள்ளதா எனப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூடு ஆறும்வரை திறத்தல் கூடாது. பீறிடும் கொதிநீர் முகத்தை வேகவைத்துவிடும்.

கோளாறு தொடங்கும் இடம்

பழைய எஞ்சின்களின் நோய்கள் பல டீசல் பீப்பாயிலேயே பிறக்கின்றன. மழையில் நிமிர்ந்து நிற்கும் பீப்பாயின் மேல் தண்ணீர் தேங்கும். இரவுக் குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்கும்போது, அந்நீர் மூடியின் வழியே உள்ளே இழுக்கப்படும். ஆகவே பீப்பாயைக் கூரையின்கீழ் வைத்தல் நன்று. இடமில்லையெனில், மூடியருகே நீர் தேங்காதவாறு சாய்த்து வைக்க வேண்டும். அடியில் தங்கிய கசடை டாங்கில் ஊற்றலாகாது. மாலையில் வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பிவைத்தால், இரவில் வெற்றிடத்துக் காற்றின் ஈரம் நீராய்ப் படிவது குறையும்.

காலையில் புறப்படுமுன் எண்ணெய், ரேடியேட்டர் நீர், பெல்ட், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்த்தல் சில நிமிட வேலையே. இன்ஜெக்ஷன் பம்பின் உட்பகுதியை மட்டும் தோட்டத்தில் திறக்க வேண்டா. அதற்குரிய கருவிகளும் தூய இடமும் பட்டறையிலேயே உள்ளன. மெக்கானிக்கை அழைக்கும்போது, வண்டி நின்ற விதம், புகையின் நிறம், கேட்ட ஓசை, நாம் ஏற்கனவே சோதித்தவை ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தால், அவருடைய வேலை பாதியாகும். பாலும் நேரத்தோடு தொழிற்சாலையைச் சேரும்.

கலந்து பேசுவதற்குச் சில வினாக்கள்

1. எஞ்சின் சுழன்றும் புகையே வரவில்லை எனில், முதலில் பார்க்க வேண்டிய மூன்று யாவை?

2. டீசல் குழாயில் புகுந்த காற்று எஞ்சினை ஏன் நிறுத்துகிறது?

3. நம் தோட்டத்து டீசல் பீப்பாய்கள் இப்போது எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன?