நோவு தணித்தலும் திருவறமே

எண்வினைகளுள் வேதநீயம் ஒன்று என்பதும், அது சாதா, அசாதா என இருவகைப்படும் என்பதும் நம் இல்லங்களில் இளஞ்சிறாரும் அறிந்த பாடமாகும். இன்ப நுகர்ச்சிக்குச் சாதா வேதநீயமும், துன்ப நுகர்ச்சிக்கு அசாதா வேதநீயமும் காரணம் என்று நன்கு கற்றிருக்கிறோம். ஆயினும், இப்பாடத்தைக் கற்ற குடும்பங்களிலேயே ஒரு பிழையான வழக்கமும் இருந்து வருகிறது. மூட்டு வலியால் ஆண்டுக்கணக்கில் துன்புறும் முதியவரிடம், "எல்லாம் வினைப்பயன், பொறுத்துக் கொள்ளுங்கள்" என்று கூறி அமைந்து விடுகிறோம். புற்றுநோயால் இரவெல்லாம் துடிப்பவரிடமும் அதனையே கூறுகிறோம். இச்சொல் ஆகமத்திற்கு இயைந்ததா? நீடித்த வலிக்குத் தக்க மருத்துவம் கிடைப்பது ஏன் அரிதாக உள்ளது? இதில் சிராவக, சிராவகியர்க்குரிய கடமை யாது? இம்மூன்று வினாக்களையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

வினையும் மருந்தும்

பசியும் அசாதா வேதநீயத்தின் உதயமே. அதற்காகப் பசித்து வந்தவனிடம் வினைப்பயன் என்று கூறி நாம் கதவை அடைப்பதில்லை. உணவளித்து, அதனை ஆகார தானம் என்று போற்றுகிறோம். அதே வரிசையில் நிற்பதுதான் ஔஷத தானம். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், தானத்தால் உயர்ந்தோர்க்கு எடுத்துக்காட்டுக் கூறுமிடத்து, ஔஷத தானத்திற்கு விருஷபசேனை என்னும் பெண்மணியைக் குறிப்பிடுகிறார். சம்யக்துவத்தின் எண் அங்கங்களுள் நிர்விசிகித்சைக்கு எடுத்துக்காட்டான உத்தாயன மன்னன், நோயுற்ற முனிவர்க்கு அருவருப்பின்றிப் பணிவிடை செய்தவன்.

தத்வார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் மேலும் தெளிவு தருகிறது. துன்பம், சோகம், புலம்பல் முதலியவற்றைத் தனக்கோ, பிறர்க்கோ, இருவர்க்குமோ உண்டாக்குதல் அசாதா வேதநீயம் வந்து சேர்தற்குக் காரணம். உயிர்கள்பால் இரக்கம், தானம், பொறுமை முதலியன சாதா வேதநீயத்திற்குக் காரணம். எனவே, நோயுற்றவர் நுகர்வது அவருடைய பழவினை. அதனைக் கண்டும் இரக்கமின்றி வாளா இருப்பவர் ஈட்டுவது தம்முடைய புதுவினை. வினைக் கொள்கை துன்புறுவோரைக் கைவிடுதற்கு ஒருநாளும் சான்றாகாது.

தவம் வேறு, நோவு வேறு

இருபத்திரண்டு பரீஷஹங்களுள் ரோக பரீஷஹமும் உண்டே என்று சிலர் வினவலாம். அது முனிவர் தாமே விரும்பி ஏற்ற துறவில், தெளிந்த உணர்வோடும் சமநிலையோடும் வெல்வது. வறுமையாலும் புறக்கணிப்பாலும் இல்லறத்தார்மேல் சுமத்தப்படும் நோவு அத்தகையதன்று. ஆர்த்தத் தியானத்தின் நான்கு வகைகளுள், வேதனையையே இடையறாது எண்ணுதல் ஒன்றாகும். தணியாத வலியுள்ளவர்க்கு நேர்வது பெரும்பாலும் இதுவே. சாமாயிகத்தில் அமர முடிவதில்லை. பஞ்ச நமஸ்காரமும் செவியில் ஏறுவதில்லை. வலி தணிந்தால்தான் தர்மத் தியானத்திற்கு இடம் பிறக்கும். ஆதலால் வலிக்கு மருந்தளிப்பது அறத்திற்கு வழி திறப்பதாகும்.

சமந்தபத்திரர்தம் வரலாறே இதற்குத் தக்க சான்று. அவர் பஸ்மகம் என்னும் கொடிய பசிநோயால் வருந்தித் தம் குருவிடம் சல்லேகனைக்கு இசைவு வேண்டினார் என்றும், குரு அதனை மறுத்து, முதலில் நோயைத் தீர்த்துக் கொண்டு பின்னர் மீண்டும் தீட்சை பெறுமாறு பணித்தார் என்றும் மரபு கூறுகிறது. பிற்காலத்தில் அவரே சல்லேகனைக்கு இலக்கணம் வகுக்கையில், பரிகாரமற்ற நோய் என்றே குறித்தார். பரிகாரம் உள்ள நோய்க்குப் பரிகாரம் தேடுதலே முறை என்பது இதனால் விளங்கும்.

நீடித்த வலி என்பது யாது?

கையில் முள் தைத்தால் வலிக்கிறது. முள்ளை எடுத்ததும் வலி நீங்குகிறது. இவ்வலி உடலைக் காக்கும் எச்சரிக்கை. மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்வதையோ மீண்டும் மீண்டும் வருவதையோ மருத்துவர் நீடித்த வலி என்பர். காயம் ஆறிய பின்னும் நரம்புகளும் மூளையும் வலியுணர்வை விடாது எழுப்பிக் கொண்டிருத்தல் உண்டு. படத்திலும் பரிசோதனையிலும் குறை தெரியாததனால் வலி பொய் என்று ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, நீடித்த வலிக்கு அதில் தனி இடம் அளிக்கப்பட்டது.

வலியின் வகைக்கேற்ப மருத்துவமும் வேறுபடும். மூட்டுத் தேய்மானத்திற்கும் முதுகு வலிக்கும் உடற்பயிற்சியும் பிசியோதெரபியும் முதன்மையானவை. நீரிழிவால் காலில் தோன்றும் எரிச்சல் நரம்பு வலி; அதற்குச் சாதாரண வலி மாத்திரைகள் பெரிதும் பயன்படா; அமிட்ரிப்டிலின், பிரிகாபாலின் போன்றவை வேண்டும். முற்றிய புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் இன்றியமையாதது. இவ்வேறுபாடு அறியாமல் மருந்துக் கடையில் டைக்ளோபினாக் மாத்திரையைத் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்பவர், இரைப்பைப் புண்ணுக்கும் சிறுநீரகக் கேட்டிற்கும் ஆளாக நேர்கிறது.

வடசென்னையில் காணும் நிலை

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டங்களின் சிற்றூர்களிலிருந்து பிழைப்பு நாடிச் சென்னை வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தலைநகரின் வடபகுதி உழைப்பாளர் பூமி. சரக்குச் சுமக்கும் துறைமுகமும், காசிமேட்டு மீன்பிடித் துறையும், திருவொற்றியூர், மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளும் பல்லாயிரவர் முதுகெலும்பின் மேல் நிற்கின்றன. இராயபுரத்தை ஒட்டியுள்ள ஸ்டான்லி மருத்துவமனையில் 1971ஆம் ஆண்டு பேராசிரியர் வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். இயந்திரங்களில் சிக்கிச் சிதைந்த கைகள் அங்கு மீட்கப்பட்டன. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தமையால், அம்மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே மக்கள் வழங்கினர். பசிக்குக் கஞ்சியும் நோய்க்கு மருந்தும் ஒரே வாயிலில் கிடைத்தன என்பது நாம் எண்ணத்தக்கது.

வெட்டுக்காயத்திற்கும் எலும்பு முறிவிற்கும் ஓடிச்சென்று மருத்துவம் பெறலாம். ஆறாத வலிக்கோ பலமுறை செல்ல வேண்டும். நாட்கூலி பெறுபவர்க்கு மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் கூலியிழந்த நாள். புறநோயாளர் வரிசையில் நெடுநேரம் நின்று மருத்துவரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். எண்ணூரில் உள்ளவர்க்கு அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை நகரின் மறுகோடி. கண்டெய்னர் லாரிகள் நிற்கும் சாலையைக் கடந்தே செல்லல் வேண்டும். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் சேர்க்கப்பட்டவர்க்கு மருத்துவ உரிமை உண்டு. ஒப்பந்தக் கூலிகளாய் உழைப்போர் பலர் அதற்குப் புறத்தே நிற்கின்றனர். இல்லத்தில் நீர் சுமந்து, துணி துவைத்து இடுப்பு ஒடிந்த பெண்டிரின் வலியோ எக்கணக்கிலும் வருவதில்லை.

மார்பின் அரிதான வரலாறு

மார்பின் அபினியிலிருந்து எடுக்கப்படுவது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்று அபினி பயிரிடப்படுகிறது; அயல்நாடுகளுக்கும் அனுப்பப்படுகிறது. அத்தகைய நாட்டிலேயே நோயாளிக்கு அது கிட்டவில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டம் பத்தாண்டுச் சிறை போன்ற கடுந்தண்டனைகளை விதித்தது. மாநில விதிகளின்படி ஒரு மருத்துவமனை மார்பின் வைத்திருக்கப் பல அலுவலகங்களிடம் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. அஞ்சிய மருத்துவமனைகளும் கடைகளும் அதனைக் கைவிட்டன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு சுமார் 97 விழுக்காடு குறைந்து, 1997இல் ஏறத்தாழ 18 கிலோவாயிற்று. கள்ளக் கடத்தலைத் தடுக்க எழுந்த வேலி நோயாளியையும் புறத்தே நிறுத்தியது.

இம்மருந்தைப் பயன்படுத்தாமலே ஒரு தலைமுறை மருத்துவர்கள் பயின்று வெளிவந்தனர். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் இராஜகோபாலும் அவர் நண்பர்களும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அண்டை வீட்டார் தொண்டர்களாகி நோயாளியின் இல்லம் நாடிச் செல்லும் முறை கேரளமெங்கும் பரவியது. அவர்களைப் போன்றோரின் நெடுநாள் முயற்சியால், 2014ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. இன்றியமையாப் போதை மருந்துகள் எனச் சில குறிக்கப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே ஏற்பு போதும் என்றாயிற்று. சட்டம் திருந்திய அளவுக்கு அச்சம் நீங்கவில்லை. மருத்துவர்க்கு வழக்கின் அச்சம். குடும்பத்தார்க்கு, மார்பின் தந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்னும் அச்சம்.

எதிர்முனையிலும் இடர் உண்டு. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதி முதல் சாதாரண முதுகு வலிக்கும் இவ்வகை மருந்துகளை வரையறையின்றித் தந்தமையால் பல்லாயிரவர் அடிமைப்பட்டு மாண்டனர். எனவே, யாருக்கு, எவ்வளவு, எதுவரை என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

விரதமும் மருந்தும்

மது, மாமிசம், தேன் நீக்கிய நாம் போதைதரும் மருந்தை உண்ணலாமா என்னும் ஐயம் நம் முதியோரிடம் எழுவது இயல்பே. மார்பின் ஒரு செடியின் பாலிலிருந்து கிடைப்பது. மயக்கத்தை விரும்பி உண்பது வேறு. கடும் நோவு தணிய அளவறிந்து உண்பது வேறு. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்ராதித்திய ஆசாரியர் இயற்றிய கல்யாணகாரகம், மது, மாமிசம், தேன் இன்றியே மருத்துவம் செய்யும் நெறியை வகுத்தது. மருந்தை விலக்காது, மருந்தில் தூய்மை தேடுவதே நம் முன்னோர் நெறி.

காப்ஸ்யூல் உறைகள் பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. மாத்திரை வடிவில் உண்டா என்று மருத்துவரைக் கேட்கலாம். பிரிகாபாலினும் அவ்வடிவில் கிடைக்கிறது. இரவு உண்ணா நியமம் பூண்டவர்க்கு மற்றோர் இடர்ப்பாடு. சாதாரண மார்பின் மாத்திரை நான்கு மணி நேரமே வேலை செய்யும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் மாத்திரையும் உண்டு. கதிரவன் மறையுமுன் ஒன்றும், உதித்தபின் ஒன்றுமாக அதனை அமைக்க இயலுமா என்று கேட்டறிக. அதனை உடைத்தோ பொடித்தோ உண்ணலாகாது. நியமம் ஏற்கும்போதே ஔஷதத்திற்கு விலக்கு வைத்துக் கொள்வோரும் நம்மில் பலர்.

இல்லறத்தார் செய்யத்தக்கவை

1. வலியைக் கேட்டறிதல். இருக்குமிடம், வரும் நேரம், உறக்கம் கெடுகிறதா என்பவற்றையும், பூச்சியம் முதல் பத்து வரையில் அதன் அளவையும் ஒரு நோட்டில் எழுதுக. மருத்துவரிடம் கிடைக்கும் சில நிமிடங்களில் அக்குறிப்பே பேசும்.

2. உரிய இடம் நாடல். பெரிய மருத்துவமனைகளில் வலிச் சிகிச்சைப் பிரிவைப் பெரும்பாலும் மயக்கவியல் துறையினரே நடத்துகின்றனர். அது உண்டா என வினவுக. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் உள்ளோர்க்கு வலி தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் இல்லத்திலேயே அளிக்க வகையுண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிக. முற்றிய புற்றுநோயாளர்க்கு மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா இல்லம் கட்டணமின்றித் தொண்டாற்றி வருகிறது.

3. மருந்தை முறையாகத் தருதல். மார்பின் உண்பவர்க்கு மலச்சிக்கல் தவறாது நேரும்; அதற்கும் மருந்து கேட்டுப் பெறுக. திடீரென நிறுத்தலாகாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தல் வேண்டும்.

4. வையாவிருத்தியம். அகத்தவங்களுள் ஒன்றாகிய இப்பணிக்கு உரியோராகச் சூத்திரம் கூறும் பதின்மருள் நோயுற்றோரும் உளர். துறவியர்க்குக் கூறிய அந்நெறியை இல்லறத்தாரும் தம் அளவில் பின்பற்றலாம். வாரம் ஒருநாள் முதியவர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அவருக்காக வரிசையில் நிற்பது எளிய தவம். கூலியிழக்கும் உழைப்பாளிக்கு அன்றைய கூலியை ஈடு செய்தல் சிறந்த ஔஷத தானம்.

நம் சங்கங்கள் தசலக்ஷண நாட்களில் ஆகார தானத்திற்குத் திரட்டும் பொருளில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாம். சமயம் பாராது செய்க. வலிக்குச் சாதியுமில்லை, சமயமுமில்லை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

உங்கள் இல்லத்தில் வலியைச் சொல்லாமல் மறைப்பவர் யார்? அவரிடம் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? பொறுமையைப் போதிப்பதற்கு முன் பரிகாரம் தேடினீர்களா? இவ்வினாக்களைக் குடும்பத்தோடு அமர்ந்து எண்ணுக. பொறுமை நோயுற்றவர்க்கு அணிகலன். அவருக்கு மருந்து தேடித் தருதல் அருகிலிருப்போர்க்கு அறம்.

அறம் வளர்க!