பக்கத்து ஊர்தான் செலவு

சென்னையிலிருந்து தோழியோடு ஒரு சனி, ஞாயிறு. தலைக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் முடியவேண்டும். இந்தக் கணக்கோடு உட்கார்ந்தால் யாருக்கும் முதலில் வாயில் வருவது பாண்டிச்சேரிதான். நூற்றைம்பது கிலோமீட்டர், ஈ.சி.ஆரில் நாலு மணி நேரம், பஸ் டிக்கெட்டும் சொற்பம். எனக்கும் அப்படித்தான் வந்தது. மூன்று தடவை போய்வந்த பிறகுதான் உறைத்தது: பர்ஸைக் காலி பண்ணுவது இந்தப் பக்கத்து ஊர்தான்.

காரணம் அறை வாடகை. சென்னையும் பெங்களூரும் ஒரே நாளில் வந்து இறங்குகிற ஊர் அது. செவ்வாய்க்கிழமை ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கிற அறை சனிக்கிழமை மூவாயிரத்தைத் தாண்டும். வெள்ளி ராத்திரியே போய்விட்டால் இரண்டு இரவு வாடகை. மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ என்றால் இரண்டு இரவும் ரயிலில் கழியும். ஸ்லீப்பர் கட்டணத்தில் பயணமும் படுக்கையும் சேர்ந்தே வந்துவிடும். அறை ஒரே ஒரு நாளைக்கு எடுத்தால் போதும்.

அதற்காகப் பாண்டியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கடற்கரைச் சாலையில் சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை வரை வண்டிகளை விடமாட்டார்கள். விடியற்காலை காந்தி சிலைக்குப் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்தால் அலைச் சத்தமும் நடைபயிற்சிக்காரர்களின் செருப்புச் சத்தமும்தான். பேச வேண்டியது நிறையச் சேர்ந்துபோயிருந்தால் இதைவிட நல்ல இடம் இல்லை. தெருக்கள் நேர்கோட்டில் இருப்பதால் வாடகை சைக்கிளில் வழி தவறவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதிச் சந்தையில் பேரம் பேசத் தெரிந்தால் சட்டை, செருப்பெல்லாம் மலிவு. தங்குவதற்கு ஆசிரம விடுதிகள் கட்டுப்படியாகும். ஆனால் வாரக்கணக்கில் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும். மதுவும் புகையும் கூடாது, ராத்திரி கேட்டையும் நேரத்தோடு பூட்டிவிடுவார்கள். பீருக்காகப் பாண்டி போகிறவர்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவேண்டாம்.

தஞ்சாவூர், எதையும் நின்று பார்க்கிற தோழிக்கு. உழவன் எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் இறக்கிவிடும். குளித்துவிட்டு நேரே பெரிய கோயிலுக்குப் போய்விட வேண்டும். பத்து மணிக்குமேல் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நடப்பது தண்டனை. 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த கோபுரத்தை வெயில் ஏறுவதற்குமுன் பார்ப்பதே வேறு. பிற்பகலில் அரண்மனைக் கலைக்கூடத்தின் வெண்கலச் சிலைகள், மறுநாள் பஸ்ஸில் தாராசுரம், அப்படியே கும்பகோணத்தில் டிகிரி காபி. செலவு மூன்றிலும் இங்கேதான் குறைவு. ஒரே சங்கடம், ஒன்பது மணிக்கே ஊர் அடங்கிவிடும். என் தோழி மூன்றாவது சன்னதியில், "ஏண்டி, இன்னும் எத்தனை கோயில் பாக்கி வச்சிருக்கே?" என்று கேட்டாள். அப்படிக் கேட்கிற ஆள் உங்களோடு வருகிறாள் என்றால் தஞ்சாவூர் வேண்டாம்.

என் ஓட்டு மதுரைக்கு. வெள்ளி ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மதுரை. ஸ்டேஷனிலிருந்து மீனாட்சியம்மன் கோயில் நடக்கிற தூரம், நடுவில் டவுன்ஹால் ரோட்டிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் வரிசையாக லாட்ஜுகள். கடைசியாக நாங்கள் கொடுத்தது ஏ.சி. இல்லாத இரட்டை அறைக்கு 1,100 ரூபாய். '24 மணி நேரச் செக்-அவுட்டா?' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பகல் பன்னிரண்டுக்குக் காலி பண்ணச் சொல்கிற இடம் என்றால், விடிகாலையில் போய் நிற்கிறவர்களிடம் இரண்டு நாள் வாடகை கேட்பார்கள். இப்படி ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். இருவரிடமும் அசல் ஆதார் இருக்கட்டும். பெண்கள் இரண்டு பேர் என்றதும் துருவித் துருவிக் கேட்கிற மேனேஜர் வாய்த்தால் சண்டை போடாதீர்கள், அடுத்த லாட்ஜ் நாலு அடியில் இருக்கிறது. ஞாயிறு காலை அறையை விட்டுவிட்டு, பைகளை ஸ்டேஷன் கிளாக் ரூமில் போட்டுவிடலாம்.

கோயில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் 1636இல் கட்டிய நாயக்கர் மகால் இருக்கிறது. இல்லையென்றால் பஸ் பிடித்து கீழடி, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அருங்காட்சியகம் 2023இல் திறந்தது. அகழாய்வில் கிடைத்த செங்கற்களையும் பானை ஓட்டில் கீறிய பெயர்களையும் அவசரமில்லாமல் பாருங்கள்.

ஆனால் மதுரை என்றால் ராத்திரிதான். கோயிலுக்குள் செல்போன் விடமாட்டார்கள், வாசலில் டோக்கன் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்த பிறகு, எத்தனை வருஷம் கழித்து நாங்கள் போனைத் தொடாமல் இரண்டு மணி நேரம் பேசுகிறோம் என்று எண்ணிப் பார்த்தோம், கணக்கு வரவில்லை. நடை சாத்துவதற்குமுன் சுந்தரேசுவரரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து அம்மன் பள்ளியறைக்கு எடுத்துப்போகிறார்கள். தினமும் நடப்பதுதான், இருந்தும் கூட்டம் நெட்டித் தள்ளும். வெளியே வந்தால் மாசி வீதிப் பக்கம் இரும்புக் கல்லில் கொத்து பரோட்டா தாளம் போடும். விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. கடல்பாசியும் நன்னாரியும் பால்கோவாவும் கனமாக இருப்பதால் இருவருக்கு ஒரு டம்ளர் தாராளம், வயிற்றுக்கும் நல்லது.

டிக்கெட் விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. ஞாயிறு ராத்திரி திரும்புகிற டிக்கெட்டை முதலில் போடுங்கள், தீர்ந்துபோவது அதுதான். திங்கள் காலை ஆபீசுக்குப் போகவேண்டியவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

பணத்துக்கு நாங்கள் கண்ட வழி ஒரு சின்ன ஜிப் பர்ஸ். ரயில் டிக்கெட் போக ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு அதில் போட்டு, அறையிலிருந்து ஆட்டோ வரைக்கும் எல்லாம் அதிலிருந்தே எடுத்தோம். நீ கொடு, நான் கொடுக்கிறேன் என்ற இழுபறி இல்லை. எழும்பூரில் இறங்கியபோது அதில் 86 ரூபாய் மிச்சம். ஸ்டேஷன் வாசலில் ஆளுக்கொரு காபி குடித்துவிட்டு அவள் மெட்ரோவுக்குப் போனாள், நான் மின்சார ரயிலுக்கு.