தலைக்கவசம் விழுந்த பக்கம்

அன்பு மகளுக்கு,

கோதிக் வகை மாயக் காதல் நாவல் ஒன்றை ஆவலோடு தொடங்கிக் கசப்போடு மூடிவைத்ததைச் சொல்லும் உன் கடிதத்தில், குறை நூலில் உள்ளதா, படித்தவரின் ரசனையில் உள்ளதா என்ற ஐயமும் எழுப்பப்பட்டிருக்கிறது. இவ்வகை நாவல் பிறந்த காலத்திலிருந்தே தன் வாசகரை ஏமாற்றியும் வந்திருக்கிறது என்பதும், அப்படி ஏமாந்த ஒருவர் தம் ஏமாற்றத்தைக் கொண்டே இலக்கிய வரலாற்றில் இடம்பிடித்தார் என்பதும் தெரியவந்தால், இந்த ஐயத்துக்கு அத்தனை அவசரம் இராது.

ஆங்கிலத்தின் முதல் கோதிக் நாவலாகக் கொள்ளப்படுவது ஹோரஸ் வால்போல் எழுதி 1764 டிசம்பரில் வெளிவந்த 'ஒட்ரான்டோ கோட்டை'. கோத் என்ற பழைய ஜெர்மானிய இனத்தாரின் பெயரிலிருந்து வந்த 'கோதிக்' என்னும் சொல், இடைக்காலக் கட்டடங்களை நாகரிகமற்றவை என்று இகழ மறுமலர்ச்சிக் காலத்தார் வழங்கிய வசை; லண்டனை அடுத்த ட்விக்கனத்தில் தம் மாளிகையையே கூர்முனை வளைவுகளோடு அந்தப் பாணியில் கட்டிக்கொண்ட வால்போல், 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'ஒரு கோதிக் கதை' என்று துணைத்தலைப்பிட்டபோது, அந்த வசையே ஓர் இலக்கிய வகைக்குப் பெயராயிற்று. கதையின் தொடக்கத்திலேயே, மணநாளன்று, மணமகன் கான்ராட் வானிலிருந்து விழுந்தது போன்ற ஒரு மாபெரும் தலைக்கவசத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கிறான். பின்னர் நூறு பேர் சுமந்துவரும் வாள் ஒன்றும், சட்டத்தை விட்டு இறங்கி நடக்கும் ஓவியம் ஒன்றும் வருகின்றன.

இந்த நாவலை விரும்பிப் படித்து ஏமாந்தவர் இப்ஸ்விச் நகரில் பிறந்த கிளாரா ரீவ். 1777இல் தம் நாவலை வெளியிட்டு, மறு ஆண்டு அதையே 'பழைய ஆங்கிலப் பிரபு' என்ற பெயரில் மீண்டும் பதிப்பித்தபோது, முன்னுரையில் அவர் வால்போலின் நூல் எங்கே கைநழுவியது என்பதைப் பொருள் பொருளாகச் சுட்டினார். பேயை ஏற்கலாம், மந்திர வாளையும் தலைக்கவசத்தையும்கூட ஏற்கலாம், ஆனால் அவை நம்பிக்கையின் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதும், எல்லை மீறிப் பெருத்த வாளும் நடக்கும் ஓவியமும் உச்சத்தில் இருந்த எதிர்பார்ப்பைச் சிரிப்பாக இறக்கிவிடுகின்றன என்பதும் அவருடைய வாதம். நூல் முழுவதும் மோசம் என்று அவர் சொல்லவில்லை. தம் அச்சம் எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று பார்த்தார். உன் கடிதத்தில் இல்லாதது இதுதான்: நாவல் பிடிக்கவில்லை என்ற தீர்ப்பு இருக்கிறது, பிடிப்பு விட்ட பக்கம் எது என்பது இல்லை. அதைத் தேடி ஒருமுறை பின்னோக்கிப் புரட்டுவது, கடைசி அத்தியாயத்தின் மீது கோபித்துக்கொள்வதைவிடப் பயனுள்ளது. பெரும்பாலும் முடிவின் மீது சுமத்தப்படும் குறை நூறு பக்கம் முன்னரே தொடங்கியிருக்கும்.

ஏமாற்றத்தின் இன்னொரு ஊற்று 'ரொமான்ஸ்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. இதே ரீவ் 1785இல் எழுதிய 'ரொமான்ஸின் வளர்ச்சி' என்ற திறனாய்வு நூலில், நாவல் என்பது நடப்பு வாழ்வின் சித்திரம் என்றும், ரொமான்ஸ் என்பது வீரரையும் அற்புதங்களையும் பாடும் கற்பனைக் கதை என்றும் பிரித்துக் காட்டினார்; இன்றோ அச்சொல் காதல் கதையைக் குறிக்கிறது. அற்புதத்தை எண்ணி எழுதப்பட்ட நூலைக் காதலை எண்ணிப் படிப்பவர் ஏமாறுவது இயல்பே. 'ஒட்ரான்டோ'விலும் காதல் உண்டு. ஆனால் நாயகன் தியடோர் விரும்பிய மட்டில்டா தந்தையின் கத்திக்கே தவறுதலாகப் பலியாக, அவளை நினைந்து உருகுவதற்கு ஒரு துணை வேண்டும் என்பதற்காகவே அவன் அவளுடைய தோழி இசபெல்லாவை மணக்கிறான். காதல் வாசகர் புத்தகத்தைச் சுவரில் எறிய இது ஒன்றே போதும், எறிவதும் நியாயமே. எனினும் வால்போல் அந்த வாசகருக்கு எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. இன்றைய அட்டைப்படங்கள் கொடுத்துவிடுகின்றன என்பது வேறு சங்கதி.

மறைத்துவைப்பதிலும் ஓர் அளவு உண்டு. ஆன் ராட்கிளிஃப் 1794இல் வெளியிட்ட 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலில், கருந்திரையை விலக்கிப் பார்க்கும் நாயகி எமிலி மயங்கி விழுகிறாள். திரைக்குப் பின்னிருந்தது வெறும் மெழுகு உருவம் என்பது பல நூறு பக்கங்கள் கழித்தே சொல்லப்படுகிறது. அச்சம் மறைவில் வளர்வது, அற்புதம் காட்சியில் வாழ்வது. இரண்டையும் ஒரே நூலில் வைப்பவர் எதையாவது இழக்கத்தான் வேண்டியிருக்கும்.

குறை கண்ட ரீவும் இதற்கு விலக்கல்ல. அவருடைய பேய்கள் அளவோடு தோன்றி, கொலையை வெளிப்படுத்தி, உரியவனுக்குச் சொத்தைச் சேர்த்துவிடுகின்றன. கடைசிப் பகுதியில் நிலமும் வீடும் பங்கிடப்படும் கணக்கு, பத்திரப்பதிவு அலுவலகத்தை நினைவூட்டும். வால்போல் அந்த நாவலைப் படித்து உப்புச் சப்பில்லாதது என்று ஒதுக்கியதோடு, லண்டன் நீதிமன்றத்துக் கொலை வழக்கு எதுவும் இதைவிடச் சுவையாக இருக்கும் என்று நண்பருக்கு எழுதினார். பிற்காலப் பதிப்பாளரோ இருவரின் நாவல்களையும் ஒரே அட்டைக்குள் சேர்த்துக் கட்டி விற்றார்கள்.

அன்புடன்,
பெரியப்பா