மாத்தளை – சிகிரியா: ஒரே நாளில் போய்வர

ஏ-9 வீதியில் தம்புள்ளை சுமார் 45 கிலோமீற்றர். அங்கிருந்து சிகிரியா இன்னும் 20 அளவில். விடியமுன் வெளிக்கிட்டு, வழியில் எங்கும் இறங்காமல் நேரே சிகிரியாவுக்குப் போய்விடுங்கள். ஏறத்தாழ 1,200 படி. வெயில் ஏறியபின் அது தண்டனைதான். குளவிக்கூடுகள் உண்டு, பிள்ளைகள் கூச்சல் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகிரியா முடிந்து அடுத்து தம்புள்ளைக் குகை விகாரை. அங்கே செருப்பைக் கழற்றவேண்டும். மதியத்தில் பாறை காலை வைக்கவிடாது. ஆளுக்கொரு சோடி காலுறை பையில் இருக்கட்டும். போயா தினமென்றால் சனம் நெரியும், வேறு நாள் பாருங்கள்.

திரும்பும்போது நாலந்த கெடிகே. திராவிடப் பாணியில் எழுந்த கற்கோயில். நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். கூட்டமில்லை, நிழலுண்டு, சோற்றுப் பார்சலை அங்கே அருகில் பிரிக்கலாம். ஆலுவிகாரையை இன்றைக்கு விடுங்கள். மாத்தளைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.